செக்ரோல் புத்தகமும் கணினி வலையும்



தோட்டத்து ஆபீசில் செக்ரோல் புத்தகம் இருந்த காலத்தை வீட்டிலுள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விடியற்காலைப் பெரட்டில் பேர் வாசித்தது, வெயிலேறிய பின் பால் நிறுத்தது, மாதக் கடைசியில் சம்பளம் போட்டது எல்லாம் அந்த ஒரு புத்தகத்தில்தான் வந்து சேரும். புத்தகம் கிராணியாரின் மேசையில் இருக்கும். மேசைச் சாவி கிராணியாரின் இடுப்பில் இருக்கும். ஒரு நாள் பேர் விட்டுப்போயிற்று என்றால் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். நல்லவராயின் திருத்திக் கொடுப்பார். இல்லையேல் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தனியாக ஓர் உரை வேண்டும்.

இப்போது அந்தப் புத்தகம் கணினிக்குள் போய்விட்டது. ஒரு கணினிக்குள் அன்று. நூற்றுக்கணக்கான கணினிகளைக் கம்பியாலும் வானலையாலும் ஒன்றோடொன்று பிணைத்து, அந்தப் பிணைப்பின் நடுவே கணக்கை வைத்திருக்கிறார்கள். இதைக் கணினி வலை என்கிறோம். வேலைக்கு வந்தவர் கணக்கு, சரக்குக் கணக்கு, வங்கிக்குப் போகும் சம்பளப் பட்டியல் அனைத்தும் அந்த வலைக்குள் ஓடுகின்றன. அப்படியானால் மேசைச் சாவி இன்று யார் இடுப்பில் இருக்கிறது? வலை நிர்வாகி என்று ஒருவர் இருக்கிறாரே, அவரிடம். நம் பிள்ளைகளில் சிலர் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இந்த வேலை பார்க்கிறார்கள். "என்ன வேலை தம்பி?" என்று கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். கேட்ட தாய்க்கும் அதற்குமேல் விளங்குவதில்லை. இந்த வேலைக்கு ஆளைப் பழக்கும் முறை எப்படி வந்தது என்பதையே இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் வலை என்ற பேச்சே இல்லை. சிங்கப்பூரில் மத்திய சேமநிதி வாரியம் 1963-இல் கணினி வைத்துக்கொண்டது. மலேசியாவில் 1966-இல் தேசிய மின்சார வாரியத்துக்குக் கணினி வந்தது. அக்காலத்துக் கணினிக்குத் தனி அறையும் குளிர்சாதனமும் வேண்டும். விற்ற கம்பெனியே அதை இயக்குவோருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது; பழுது வந்தால் விற்ற கம்பெனியின் ஆளே பெட்டியோடு வந்தார். ஓர் அறை, ஒரு பூட்டு, உள்ளே போகத் தகுதியுடைய சிலர். கிராணியாரின் மேசையைச் சற்றுப் பெரிதாக்கியது போலத்தான் அது.

மாற்றம் இரண்டு படிகளில் வந்தது. அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த ராபர்ட் மெட்கால்ஃப் என்பவர், ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகளை ஒரே கம்பியில் கோக்கும் முறையை 1973 மே மாதத்தில் எழுதி வைத்தார். ஈதர்நெட் என்பது அதன் பெயர். பிறகு 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் சிறு கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பூட்டிய அறைக்குள் இருந்த கணினி எழுத்தரின் மேசைக்கு வந்துவிட்டது. மேசைக்கொன்று வந்ததும், ஒருவர் எழுதிய கணக்கை அடுத்த மேசைக்காரர் எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. தரவு வைக்கும் வட்டும் அச்சிடும் பொறியும் அப்போது விலை அதிகம். ஆளுக்கொன்று வாங்க முடியாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்த நோவெல் என்ற கம்பெனி 1983-இல் நெட்வேர் என்ற மென்பொருளை வெளியிட்டது. ஒரு கணினியை நடுவில் வைத்து, மற்றவை எல்லாம் அதன் வட்டையும் அச்சுப்பொறியையும் பங்கிட்டுக்கொள்ள அது வழி செய்தது. தோட்டத்தில் வீட்டுக்கு வீடு கிணறு தோண்டாமல் லயத்துக்கு ஒரு குழாய் போட்டதை நினைத்துக்கொள்ளுங்கள்.

குழாய் உடைந்தால் லயம் முழுவதும் தவிக்கும் அல்லவா? வலையும் அப்படித்தான். நடுக்கணினி நின்றால் ஆபீஸ் நின்றது. இதைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று யாரும் முன்கூட்டி எண்ணவில்லை. கணக்குப் பிரிவிலோ சேமிப்புக் கிடங்கிலோ யாரோ ஓர் இளைஞர் கொஞ்சம் விவரம் தெரிந்தவராக இருப்பார். "நீயே பார்த்துக்கொள்" என்று அவர் தலையில் கட்டினார்கள். படிப்பு இல்லை, பதவிப் பெயர் இல்லை, சம்பள உயர்வும் பெரும்பாலும் இல்லை. ஆனால் எல்லாருடைய கடிதமும் கணக்கும் சம்பள விவரமும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. உலகத்தின் முதல் வலை நிர்வாகிகளில் பலர் இப்படி வந்தவர்களே.

பல்கலைக்கழகங்களில் நிலைமை சற்று வேறு. அங்கே யூனிக்ஸ் என்ற முறையில் ஓடும் கணினிகள் முன்னமே வலையில் கோக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கவனித்தவர்கள் 1987-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் முதன்முறையாகக் கூடி, தங்கள் தொழில் சங்கடங்களைப் பேசினார்கள். இவர்களில் நாம் பெயர் சொல்ல வேண்டியவர் ஓர் அம்மையார். கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்ற ஊரிலுள்ள பல்கலைக்கழகத்தின் ஆசிரியை ஈவி நெமத். கணிதம் படித்தவர். தம் துறையின் கணினிகளைக் கவனிக்கும் பொறுப்பை அவர் இளநிலை மாணவர்களின் கையிலேயே கொடுத்தார். மாணவன் தவறு செய்வான். துறைப் பேராசிரியர்கள் கோபிப்பார்கள். அம்மையார் நடுவில் நின்று, தவறைத் திருத்தக் கற்றுக்கொடுப்பார். மரம் சீவப் பழகும் பிள்ளையை அனுபவசாலி பக்கத்து நிரையில் நிறுத்திப் பழக்குவது போன்ற படிப்பு அது. முதலில் பட்டையில் காயம் படும். கை பழகப் பழகத்தான் கத்தி நிதானப்படும்.

இப்படிப் பழக்கியதில் திரண்ட அனுபவத்தை அவர் இன்னும் இருவரோடு சேர்ந்து 1989-இல் ஒரு கைநூலாக வெளியிட்டார். பல பதிப்புகள் கண்ட நூல் அது. எத்தனையோ நாடுகளில் நிர்வாகிகளின் மேசைமேல் பல்லாண்டுகள் கிடந்தது. அம்மையாரின் முடிவு துயரமானது. 2013 ஜூனில் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பாய்மரக் கப்பலொன்றில் சென்றபோது, கப்பலும் அதிலிருந்த ஏழு பேரும் கடலில் காணாமற்போயினர். தேடியும் கிடைக்கவில்லை.

இந்த வேலைக்குத் தேர்ந்த ஆள் வேண்டும் என்று உலகம் உணர்ந்ததற்கு இரண்டு நிகழ்ச்சிகள் காரணம். முதலாவதைச் சற்று விரித்தே சொல்கிறோம். கணக்கெழுதிய குடும்பங்களுக்கு இது பிடிக்கும்.

கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியல் அறிஞர் இருந்தார். விண்மீன் ஆராய்ச்சிக்கு வந்த பணம் தீர்ந்து போகவே, 1986 ஆகஸ்டில் அவரைக் கணினிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்தக் கூடத்தில் கணினியை யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார் என்று கணக்கிட்டுக் கட்டணம் வாங்குவார்கள். இரண்டு தனித்தனி முறைகளில் கணக்குப் போட்டதில் 75 காசு வித்தியாசம் வந்தது. மாதக் கணக்கோ இரண்டாயிரம் டாலருக்கு மேல். 75 காசுதானே என்று விட்டிருக்கலாம். புதிதாக வந்த ஆள், பழகட்டும் என்று அந்த வேலையை அவரிடம் கொடுத்தார்கள். அவர் விடவில்லை. துருவிப் பார்த்ததில், கட்டணம் செலுத்த முகவரியே இல்லாத ஒரு பெயர் உள்ளே நுழைந்து கணினியைப் பயன்படுத்தியிருந்தது.

அதன்பிறகு மாதக்கணக்கில் ஸ்டோல் காவல் இருந்தார். வார இறுதியில் மற்றவர் மேசைகளில் இருந்த அச்சுப்பொறிகளைக் கேளாமலே கொண்டுவந்து, வெளியிலிருந்து வரும் ஐம்பது இணைப்புகளிலும் மாட்டி, மேசைக்கடியில் படுத்துக்கொண்டார். வந்தவன் தட்டிய எழுத்துகள் எல்லாம் தாளில் அச்சாயின. அவன் அந்தக் கூடத்தை வழிநடையாக்கி அமெரிக்க ராணுவக் கணினிகளைத் தேடிப் போய்க்கொண்டிருந்தான். அவற்றில் பலவற்றில் தடையில்லாமல் நுழைந்தான். காரணம் என்ன தெரியுமா? கணினியைச் செய்த கம்பெனி தொடக்கத்தில் வைத்து அனுப்பிய கடவுச்சொல்லை அங்கிருந்தவர்கள் மாற்றவே இல்லை. புதுப் பூட்டு வாங்கி, கடைக்காரன் எல்லாப் பூட்டுக்கும் கொடுக்கிற அதே சாவியோடு வாசலில் மாட்டியது போல. ஸ்டோல் பொய்யாகச் சில ராணுவக் கடிதங்களை எழுதி உள்ளே வைத்தார். அவற்றைப் படிக்க அவன் நெடுநேரம் தங்கினான். அதற்குள் தொலைபேசிக்காரர்கள் தடம் பிடித்தார்கள். ஆள் இருந்தது ஜெர்மனியின் ஹனோவர் நகரில். பெயர் மார்க்குஸ் ஹெஸ். கிடைத்ததைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்ற கும்பலைச் சேர்ந்தவன். 1990-இல் ஜெர்மனி நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது.

இரண்டாவது நிகழ்ச்சி 1988 நவம்பர் 2-ஆம் தேதி நடந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவன் ராபர்ட் மோரிஸ் என்பவன் தானே பரவும் ஒரு நிரலை வலையில் விட்டான். ஒரே இரவில் ஏறத்தாழ 6,000 கணினிகள் திணறி நின்றன என்பது அக்கால மதிப்பீடு. கணினிக் கடிதம் போகாத நிலையில் ஆங்காங்கே இருந்த நிர்வாகிகள் தொலைபேசியில் ஒருவரையொருவர் தேடினார்கள். யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியல்கூடப் பலரிடம் இல்லை. அந்த மாதமே பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இத்தகைய ஆபத்துக்கு உதவும் குழு ஒன்றை அமெரிக்க அரசின் பணத்தில் நிறுவினார்கள்.

இனி, பயிற்சி ஒரு வியாபாரமாக வந்த கதைக்கு வருவோம். 1980-களின் முடிவில் நோவெல் கம்பெனி சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. வகுப்புக்குப் போய், தேர்வு எழுதி, தேறினால் நெட்வேர் பொறியாளர் என்று தாள் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் 1992-இல் தன் சான்றிதழைக் கொண்டுவந்தது. கம்பெனிகள் இப்படிச் செய்ததில் தர்மமும் உண்டு, லாபமும் உண்டு. விற்ற பொருளுக்கு வாங்கியவன் ஊரிலேயே ஓர் ஆள் இருந்தால், தன்னைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யமாட்டான். அந்த ஆளும் தான் படித்த பொருளையே மறுபடி வாங்கச் சொல்வான். தையல் எந்திரம் விற்கும் கடை தையல் வகுப்பு நடத்துவதை நாம் பார்த்திருக்கிறோமே. ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பட்டப்படிப்பு இல்லாமலே ஒரு கதவு திறந்தது என்பது உண்மை. தேர்வுக் கட்டணமும் வகுப்புக் கட்டணமும் சேர்ந்து அந்தக் கதவைப் பாதி மூடின என்பதும் உண்மை.

வேறொரு கேடும் வந்தது. கேள்விகளை மனப்பாடம் செய்து தேறியவர்கள் பெருகினார்கள். கையில் தாள் இருக்கும். கணினி நின்றால் என்ன செய்வதென்று தெரியாது. இவர்களைக் காகிதப் பொறியாளர் என்று அமெரிக்காவிலேயே கேலி செய்தார்கள். சிஸ்கோ என்ற வலைக்கருவிக் கம்பெனி 1993-இல் தொடங்கிய தேர்வு இதற்கு நேர்மாறானது. தேர்வுக்கு வந்தவர் முதல் நாள் வெறும் கருவிகளையும் கம்பிகளையும் கொண்டு ஒரு வலையைக் கட்டி எழுப்ப வேண்டும். மறுநாள் அவர் வெளியே போயிருக்கும் நேரத்தில் தேர்வாளர் அந்த வலையை வேண்டுமென்றே கெடுத்து வைப்பார். திரும்பி வந்து குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். பெரும்பாலோர் முதல் முயற்சியில் தேறவில்லை. தேறியவர்களுக்கு வரிசை எண்ணை 1-இலிருந்து கொடுக்காமல் 1024-இலிருந்து தொடங்கினார்கள். கணினிக்காரர்களுக்கு அந்த எண்ணின்மேல் ஒரு பிரியம்! 1024-ஐத் தேர்வுக் கூடத்துக்கே கொடுத்துவிட்டு, அடுத்த எண்ணை முதல் மனிதருக்குக் கொடுத்தார்கள்.

இதே கம்பெனி 1990-களில் அமெரிக்கப் பள்ளிகளுக்கு வலை அமைக்க உதவியபோது, நெமத் அம்மையார் போல்டரில் கண்டதையே மறுபடி கண்டது. வலையை வைத்துவிட்டு வரலாம். கவனிக்கப் பள்ளியில் ஆள் இல்லை, ஆள் வைக்கப் பணமும் இல்லை. ஜார்ஜ் வார்டு என்ற பொறியாளர் மாணவர்களையே பழக்கினார். 1997 அக்டோபரில் அது ஏழு மாநிலங்களில் 64 கல்விக்கூடங்களோடு ஒரு முறையான பயிற்சித் திட்டமாகி, பின்னர் மலேசியா, சிங்கப்பூர் உட்பட உலகெங்கும் பரவியது.

நம் பக்கத்தில் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். சிங்கப்பூர் அரசு 1981-இல் தேசியக் கணினி வாரியத்தை ஏற்படுத்தி, அரசாங்க அலுவலகங்களைக் கணினிமயமாக்க ஆள் பழக்கியது. துறைமுகச் சரக்குக்கு அனுமதி வாங்கும் வேலையை 1989-இல் டிரேட்நெட் என்ற வலையில் ஏற்றியது. நாள்கணக்கில் காத்திருந்த காகிதம் நிமிடக்கணக்கில் முடிந்தது. மலேசியாவில் மிமோஸ் என்ற அமைப்பு 1985-இல் தோன்றியது. 1987-இல் ரங்கோம் என்ற பெயரில் பல்கலைக்கழகங்களைக் கோத்தது. அதன் வழிவந்த ஜாரிங் 1990-களில் நாட்டுக்கு இணையத்தைக் கொடுத்து, 2015-இல் மூடப்பட்டது.

பயிற்சியில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்? கருவிகள் மாறுகின்றன; அடிப்படை மாறுவதில்லை. வேலைக்கு வந்தவருக்குப் பெயர் பதிவது, போனவரின் பெயரை அன்றே எடுப்பது. போனவரின் பெயர் செக்ரோலில் நின்றால் யாரோ அவர் சம்பளத்தை வாங்குவார் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பிறகு, அவரவர் வேலைக்கு வேண்டிய சாவியை மட்டும் கொடுப்பது. தண்டலுக்கு ஸ்டோர் சாவி வேண்டாம், ஸ்டோர்க்காரருக்குச் சம்பளப்பெட்டிச் சாவி வேண்டாம். நிர்வாகியேகூட எல்லாச் சாவிகளையும் எப்போதும் இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கக்கூடாது என்று கற்பிக்கிறார்கள். மென்பொருளில் ஓட்டை கண்டால் கம்பெனி அனுப்பும் ஒட்டைக் காலத்தில் போடுவது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலாகக் கணக்குக்கு ஒரு நகல் எடுத்து, வலைக்கு வெளியே வேறிடத்தில் வைப்பது.

இந்த நகல் விஷயத்தில் நாம் நேரில் பார்த்த ஒன்று உண்டு. ஓர் ஆபீசில் தினம் மாலையில் ஒருவர் தவறாமல் நகல் நாடாவை மாற்றி, தேதி எழுதி அடுக்கி வைப்பார். அலமாரி நிறைய நாடா. ஒரு நாள் வட்டு கெட்டு, நாடாவை எடுத்துப் போட்டால் ஒன்றிலும் எழுத்தே இல்லை. எழுதும் கருவி எப்போதோ கெட்டிருந்தது. நாடாவை மாற்றச் சொல்லிக் கொடுத்தவர்கள், அதைத் திரும்பப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த மாதச் சம்பளக் கணக்கை நேரச்சீட்டுகளை வைத்துக் கையால் எழுதினார்கள். மிகுதிநேர வேலைப்பணம் பலருக்கு வரவே இல்லை. நாடா மாற்றியவரைத்தான் திட்டினார்கள்.

சிறிய ஆபீசுக்குத்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். கப்பல் கம்பெனிகளில் உலகப் பெரியவற்றுள் ஒன்று டென்மார்க்கின் மேர்ஸ்க். 2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்துக்கு மாறி வந்ததே, அந்தக் கம்பெனிதான். 2017 ஜூன் 27-ஆம் தேதி அதன் கணினிகள் உலகெங்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்தன. உக்ரேன் நாட்டில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் வழியாக, நாட்பெட்யா என்ற அழிவு நிரலை அந்த நாட்டைத் தாக்குவதற்காக ஏவியிருந்தார்கள். மேர்ஸ்க் கம்பெனியின் உக்ரேன் அலுவலகத்திலும் அந்த மென்பொருள் இருந்தது. அந்த நிரல் புகுந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மூன்று மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், ஒட்டு வெளியிட்டிருந்தது. ஆனால் ஒட்டுப் போட்ட கணினியையும் அது விடவில்லை. பக்கத்துக் கணினியில் கிடந்த நிர்வாகியின் கடவுச்சொல்லைத் திருடிக்கொண்டு உள்ளே போயிற்று. ராட்டர்டாம், நியூ ஜெர்சி, மும்பைத் துறைமுகங்களில் கம்பெனியின் சரக்குத் தளங்கள் திக்கித்து நின்றன. வாயிலில் லாரிகள் மைல்கணக்கில் வரிசை பிடித்தன. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

பத்து நாளில் 4,000 நடுக்கணினிகளையும் 45,000 மேசைக் கணினிகளையும் புதிதாக அமைத்தார்கள் என்று கம்பெனியின் தலைவரே 2018-இல் சொன்னார். நட்டம் 25 கோடியிலிருந்து 30 கோடி அமெரிக்க டாலர் வரை. அந்தப் பத்து நாளும் நிர்வாகிகள் தூங்கியது மேசைக்கடியில், ஸ்டோல் தூங்கியதைப் போலவே.

ஆனால் வேலை தொடங்கும்போது ஒரு பெரும் முடை வந்தது. யார் யார் வலைக்குள் வரலாம், யாருக்கு எந்தச் சாவி என்ற பதிவேடு, ஏறத்தாழ 150 கணினிகளில் ஒரே மாதிரி வைக்கப்பட்டிருந்தது. ஒன்று கெட்டால் மற்றொன்று காட்டும் என்பது ஏற்பாடு. எல்லாம் ஒரே நேரத்தில் கெடும் என்று யாரும் கருதவில்லை. வெளியே தனி நகலும் இல்லை. அந்தப் பதிவேடு இல்லாமல் மற்றதை எழுப்ப வழியில்லை. உலகெங்கும் விசாரித்ததில், ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் ஒன்றே ஒன்று பிழைத்திருந்தது. தாக்குதல் வந்த நேரத்தில் அங்கே கரண்டு போயிருந்ததால், அந்தக் கணினி அணைந்து கிடந்தது. கம்பி வழியே இங்கிலாந்துக்கு அனுப்பினால் நாள்கணக்காகும். கையில் கொண்டுபோகலாம் என்றால் கானா ஊழியர் எவருக்கும் இங்கிலாந்து விசா இல்லை. முடிவில் ஒருவர் வட்டை எடுத்துக்கொண்டு விமானத்தில் நைஜீரியா போனார். அங்கே விமான நிலையத்தில் வேறொரு ஊழியர் காத்திருந்து அதை வாங்கிக்கொண்டு, லண்டன் விமானத்தில் ஏறினார்.